மூச்சுக்குறி இல்லாத தாள்

மூன்று மாதமாக டிம்ப்னா லெஹேன் பாடவில்லை. செவ்வாய்க்கிழமை தவறாமல் ஒத்திகைக்குப் போனாள். கறுப்பு அட்டைக் கோப்பைத் திறந்தாள், எல்லாரும் எழுந்தபோது எழுந்தாள், வாயை ஆவென்று திறந்து மூடினாள். சத்தம் மட்டும் வரவில்லை. வரவில்லை என்பதுகூடத் தப்பு, அவள் விடவில்லை. இருபத்திரண்டு பேர் பாடும் கூட்டத்தில் ஒருத்தி சும்மா நின்றால் யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் தொடங்கியது. ஒரே ஒரு வாரம் என்று தொடங்கியது, தவக்காலம் முழுக்க ஓடி, குருத்து ஞாயிறு மத்தியானம் வரைக்கும் வந்து நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாளைக்குத்தான் மறைக்க முடியும்?

அக்டோபரில் அவள் கழுத்திலிருந்த கட்டியை ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். கட்டியால் ஆபத்தில்லை, ஆனால் குரலுக்குப் போகும் நரம்பு ஒன்று கன்றிப்போயிருந்தது. தானாகச் சரியாகும், ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம், சரியாகாமலும் போகலாம் என்றார் டாக்டர். மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் மனுஷி எதைப் பிடித்துக்கொள்வாள்? டிம்ப்னா மூன்றாவதைப் பிடித்துக்கொண்டாள்.

பேச்சு மெல்லத் திரும்பியது. அயர்லாந்தின் யோல் ஊரில், பெரிய தெருவின் இரும்புக்கடைக் கல்லாவில் நிற்கிறவள் பேசாமலிருந்தால் ஆணியும் பெயின்டும் யார் விற்பது? "சளியா டிம்ப்னா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பிப்ரவரி வாக்கில் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் பாட்டு வேறு சமாசாரம். டிசம்பரில் ஒரு நாள் கடையின் பின்னறையில், கோழித்தீவன மூட்டைகளுக்கு நடுவே நின்று, யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு ஒரு ஸ்வரத்தைப் பிடித்தாள். தகர டப்பாவைச் சிமென்ட் தரையில் இழுத்தது மாதிரி ஒன்று வந்தது. அன்றைக்கு மூடிய வாய்தான். தினமும் ஐந்து நிமிடம் முனகிப் பழகச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள் சமையலறை இழுப்பறையிலேயே கிடந்தது. பழகிப் பார்த்து வரவில்லை என்றால் குரல் போனது போனதுதான் என்று தெரிந்துவிடும். பாடிப் பார்க்காத வரைக்கும் போகவில்லை. அப்படி ஒரு கணக்கு அவளுக்கு.

அந்தக் கணக்கோடு வீட்டில் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. பத்தொன்பது வருடமாகச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்றால் அவளுக்கு அந்தக் கூட்டம்தான். ஜனவரி முதல் செவ்வாயன்று, சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனாள். குழுவை நடத்துகிற ஃபீக்ரா கான்டன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார், நாற்பது வயது, பாம்புக்காது.

"குரல் எப்படி இருக்கு டிம்ப்னா?"

"வந்துருச்சு" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளையே கேட்டாலும் தெரியாது. சொல்லி வாயை மூடுவதற்குள் பெண்குரல்களில் அடிக்குரலான கீழ் ஆல்டோ வரிசையில், கொலெட் டூமிக்குப் பக்கத்தில், அவளுடைய பழைய நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் குழுவில் ஒவ்வொரு செப்டம்பரும் ஒவ்வொருவரும் தனியாக ஃபீக்ரா முன்னால் நின்று பாடிக் காட்ட வேண்டும். தேறினால் இடம், தேறாவிட்டால் வந்தனம். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவள் யார்? மூன்று வருடத்துக்கு முன், ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று, "பாடாம வாயசைச்சுக்கிட்டு நிக்கிறவங்க பக்கத்துல இருக்கிறவங்க மூச்சைத் திருடுறாங்க" என்று முழங்கிய இதே டிம்ப்னாதான். எல்லாரும் கைதட்டினார்கள். நாக்கு சும்மா இருக்குமா? தன் வாயே தனக்கு எமன்.

ஆகவே விஷயம் இதுதான். உண்மையைச் சொன்னால் அவளே போட்ட சட்டப்படி அவள் போக வேண்டும். பாடிப் பார்த்து வராவிட்டாலும் போக வேண்டும். போனால் அவளுக்கு வேறொன்றும் மிச்சமில்லை, ஆணியும் பெயின்டும்தான்.

குருத்து ஞாயிறு நாலு மணிக்குப் புனித டெக்லான் ஆலயத்தில் கச்சேரி. இரண்டு மணிக்கே எல்லாரும் கறுப்பு உடையில் வந்து சேர்ந்தார்கள், ஆண்களில் மேல்குரல் பாடும் டெனர் ஒருவனைத் தவிர. அவன் ஹர்லிங் மட்டைப்பந்து ஆட்டம் பார்க்கப் போயிருந்தான். ஆலயத்துக்குள் வெளியில் இருந்ததைவிடக் குளிர். வெந்நீர்க் குழாய்கள் ங்ங் என்று முனகுமே தவிர, சூடு என்னவோ கூரைக்குத்தான் போகும்.

இரண்டாம் பாதி முழுக்க எரேமியாவின் புலம்பல், நானூறு வருடத்துக்கு முந்தைய லத்தீன் பாட்டு. அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. பழைய ஆள்கள் மனுஷருக்கு எழுதினார்கள், வரி முடிகிற இடத்தில் மூச்சு விடலாம். கவலையெல்லாம் முதல் பாதியின் கடைசியில் வரும் புதுப்பாட்டைப் பற்றித்தான். கடலுக்குப் போனவர்களுக்காகச் சொல்லும் பழைய ஐரிஷ் ஜெபம் ஒன்றுக்கு வாட்டர்ஃபோர்டு பக்கத்துப் பெண் ஒருத்தி போன வருடம் இசை எழுதிக் கொடுத்திருந்தாள். மேலே மற்றவர்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள், ஒருவரோடொருவர் உரசுவார்கள். கீழே நான்கு பெண்கள் ஒரே ஒரு ஸ்வரத்தை, இசைத்தாளில் முப்பத்தாறு கட்டத்துக்கு, அறுபடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அது அறுந்தால் மேலே இருப்பவர்களுக்குச் சுருதி போய்விடும்.

அவ்வளவு மூச்சு யாருக்கும் கிடையாது. அதற்கு ஒரு திருட்டு வழி உண்டு. ஒருத்தி விட்டுவிட்டு மூச்சு எடுக்கும்போது மற்றவர்கள் பிடித்திருப்பார்கள். அவள் பூனைமாதிரி திரும்ப நுழைந்ததும் அடுத்தவள் விடுவாள். யார் எந்தக் கட்டத்தில் என்று அவரவர் தாளில் பென்சிலால் சின்னதாக ஒரு மூச்சுக்குறி. கேட்கிறவர்களுக்கு நாலு பேர் மூச்சே விடாமல் பாடுகிறார்கள் என்று தோன்றும்.

ஃபீக்ரா கைபேசியோடு வந்து நின்றார்.

"ஈனா வரல. நெஞ்சுச் சளியாம், பேசினா நாய் குரைக்கிற மாதிரி இருக்கு. கீழ் ஆல்டோ மூணே பேர். குறியெல்லாம் மாத்தணும், பழசை அழிங்க. லீஷா, எட்டு, பதினாலு, இருபது. கொலெட், ஒம்பது, பதினஞ்சு, இருபத்தொண்ணு. டிம்ப்னா, பத்து, பதினாறு, இருபத்திரண்டு. அப்புறமும் அதே மாதிரி ஆறாறு கட்டம் தள்ளி."

மூணே பேர் என்றதும் டிம்ப்னா மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். மூன்று இல்லை, இரண்டு. அது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

மூன்று பேருக்கும் ஒரே ரப்பர், கொலெட்டுடையது. கொலெட் டூமிக்கு டிம்ப்னா வயதுதான், ஐம்பத்தெட்டு. குள்ளம், வாய் நீளம், சபைக்கெல்லாம் சாண்ட்விச் கட்டிக்கொண்டு வருகிறவள். பரபரவென்று தன் தாளை அழித்து எழுதிவிட்டு டிம்ப்னா பக்கம் கையை நீட்டினாள்.

"குடுடி இங்க. நீ அழிக்க ஆரம்பிச்சா ஈஸ்டரே வந்துடும்."

"நானே பாத்துக்கறேன்."

"குடுங்கறேன்ல." பிடுங்கிவிட்டாள்.

முதல் பக்கத்தைப் பார்த்தாள். இரண்டாம் பக்கத்தைப் பார்த்தாள். திருப்பி முதல் பக்கத்துக்கு வந்தாள். ரப்பர் அவள் விரலிடுக்கில் அப்படியே நின்றது.

"இதுல அழிக்க ஒண்ணுமே இல்லையே" என்றாள்.

"மனப்பாடம்."

"ஏழு மணிக்குச் சொன்னத எட்டு மணிக்கு மறக்கிறவ நீ. மனப்பாடமா?"

பாடுகிறவளின் தாளில் மூச்சுக்குறி இல்லாமல் இருக்காது. கசங்கி, அழிந்து, மறுபடி எழுதி, ஒரே மாதத்தில் பலசரக்குக் கடைச் சீட்டு மாதிரி ஆகிவிடும். அவளுடைய தாள் பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் நோட்டு மாதிரி பளிச்சென்று இருந்தது. குட்டு வெளிப்பட்டுப்போனது. கொலெட் ரப்பரோடும் தாளோடும் எழுந்தாள்.

"வா வெளியே."

அந்த வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த லீஷா, இருபத்தாறு வயது டீச்சர், "கொலெட், எனக்கு ரப்பர்" என்று பின்னாலேயே கூப்பிட்டாள். இரண்டு பேர் காதிலும் விழவில்லை.

பக்கவாட்டு வாசலில் மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. கொலெட் கதவைச் சாத்தினாள்.

"எத்தனை நாளா?"

"ஜனவரிலேர்ந்து."

"ஒரு ஸ்வரம்கூடவா பாடல?"

"இல்ல."

கொலெட் திட்டுவாள் என்று டிம்ப்னா எதிர்பார்த்தாள். அவள் திட்டவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியில் உட்கார்ந்தாள்.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்லையா?"

"என்ன ஒண்ணுமில்ல?"

"ஈனா மூச்சு எடுக்கறப்பெல்லாம் கீழ தரையே இல்லாத மாதிரி ஆகும். நான் ரெண்டு பங்கு தள்ளுவேன். கண்ணு இருட்டிக்கிட்டு வரும். நாலு பேரு இருக்கோம், நமக்கு மட்டும் ஏன் இப்படி மூச்சு வாங்குதுன்னு தோணும். எங்கப்பா நெஞ்சுலதானடி போனாரு. ரெண்டு தடவ டாக்டர்கிட்ட போனேன். படம் எடுத்தாரு, குழாய்ல ஊதச் சொன்னாரு, ஒண்ணுமில்லம்மான்னாரு. நான் நம்பல. மூடி மறைக்கிறாருன்னு நெனச்சேன். எம் பொண்ணுகிட்டகூட சொல்லல. இன்னைக்குக் கச்சேரியோட நின்னுடறதுன்னு ஃபீக்ராவுக்குக் கடுதாசி எழுதி இதோ பையில வெச்சிருக்கேன்."

தன் குரலைப் பற்றி மட்டுமே மூன்று மாதம் நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு இப்படி ஒரு பாவம் பக்கத்து நாற்காலியில் வளர்ந்தது தெரியவே இல்லை.

"கொலெட், நான் நெனச்சுக்கூடப் பாக்கல."

"பக்கத்துல இருக்கிறவங்க மூச்சைத் திருடுறாங்கன்னு கூட்டத்துல யாரோ ஒருத்தி முழங்குனாளே, யாரு அவ?"

"நாந்தான்."

"நீதான்" என்றாள் கொலெட். அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று டிம்ப்னா குனிந்தாள். சிரிப்பு. கண்ணீர் வழிய, மூக்கு ஒழுக, சத்தமில்லாத சிரிப்பு. "ஒண்ணுமில்லடி எனக்கு. ஒண்ணுமே இல்ல. குதிரை மாதிரி இருக்கேன்." பையிலிருந்து கடிதத்தை எடுத்து நாலாய் எட்டாய்க் கிழித்தாள். கிழித்து முடித்த கையோடு டிம்ப்னாவின் கையில் நறுக்கென்று கிள்ளினாள். மூன்று மாதப் பயத்துக்கு அது ரொம்ப மலிவு.

"இப்ப கேளு. ஈனா இல்லாம நானும் அந்தச் சின்னப் பொண்ணும் மட்டும் முப்பத்தாறு கட்டம் இழுக்க முடியாது. ஒண்ணு, நீ பாடு. இல்ல, ஃபீக்ராகிட்ட போய்ச் சொல்லு, அவரு வேற யாரையாவது நம்ம வரிசைக்கு எறக்கட்டும்."

"பாடினா வருமான்னு தெரியல."

"பாடினாத்தானடி தெரியும்?"

"வரலேன்னா?"

கொலெட் அவளை நிமிர்ந்து பார்த்தாள். இந்தத் தடவை முகத்தில் கேலி இல்லை. "வரலேன்னா வரல. நான் மூணு மாசமா சாகப்போறேன்னு நெனச்சுக்கிட்டே சாண்ட்விச் கட்டினேன். தெரியாம இருக்கறது வராததவிட மோசம்."

டிம்ப்னா சொல்லத்தான் போனாள். பீடத்துக்குப் பின்னறையில் ஃபீக்ரா ஒரு காதில் கைபேசியும் இன்னொரு காதில் விரலுமாக நின்று, ஆட்டத்திலிருந்து கிளம்பாத டெனரைத் திட்டிக்கொண்டிருந்தார். "ஃபீக்ரா, ஒரு விஷயம்" என்றாள். "உசுர் போற விஷயமா?" என்றார். உயிர் போகிற விஷயமா என்று கேட்டால் என்ன சொல்வது? "இல்ல" என்றாள். "அப்ப எடைவேளையில பேசலாம்" என்று திரும்பிக்கொண்டார். வெளியே வரும்போது அவளுக்கு ஒரு பக்கம் அப்பாடா என்றிருந்தது, அப்படி இருந்ததற்காக இன்னொரு பக்கம் வெட்கமாக இருந்தது.

"சொல்லிட்டியா?" என்றாள் கொலெட்.

"கேக்க மாட்டேங்கறாரு."

"அப்ப பாடு."

நாலு மணிக்கு ஆலயம் நிரம்பியிருந்தது. கையில் குருத்தோலையோடு காலைப் பூசைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் மறுபடியும் வந்திருந்தார்கள், ஈரக் கோட்டோடு. டெனரும் வந்து சேர்ந்தான், காது வரை சிவந்து. முதல் பாட்டுகள் எப்படிப் போயின என்று டிம்ப்னாவுக்குத் தெரியாது. வழக்கம்போல வாயைத் திறந்து மூடினாள். ஒவ்வொரு தடவையும் பாடிவிட வேண்டும் என்று நினைப்பாள், அதற்குள் வரி தாண்டிப் போயிருக்கும்.

முதல் பாதியின் கடைசிப் பாட்டு. ஃபீக்ரா கையை உயர்த்தினார். கொலெட்டும் லீஷாவும் அந்தக் கீழ் ஸ்வரத்தைத் தொட்டார்கள். டிம்ப்னா வாயைத் திறந்தாள். வெறும் காற்று. காற்றுதான், ஆனால் சூடாக வந்தது. மேலே மற்ற குரல்கள் ஒவ்வொன்றாக ஏறின. எட்டாம் கட்டத்தில் லீஷா மூச்சு எடுத்தாள், கொலெட் தனியாகப் பிடித்தாள். ஒன்பதில் லீஷா தனியாக. பத்தில் டிம்ப்னா மூச்சு எடுக்க வேண்டும். விடாத ஒன்றை எப்படி எடுப்பது? பதினாலு, பதினைந்து. கொலெட்டின் கழுத்து நரம்பு புடைத்தது. பதினைந்தில் அவள் காற்றை இழுத்தது டிம்ப்னாவின் காதுக்கருகே கிணற்று வாளி மாதிரி கேட்டது.

இருபதாம் கட்டத்தில் லீஷா மூச்சு எடுத்திருக்க வேண்டும். அவள் தாளில் புதுக்குறி இருபதில் இருந்தது. பழைய குறி இருபத்தொன்றில் இருந்தது. ரப்பர்தான் அவள் கைக்குப் போகவில்லையே. முதல் இரண்டு சுற்றும் புதுசைப் பார்த்தே சமாளித்த பெண், மூன்றாம் சுற்றில் பழசைப் பார்த்துவிட்டாள். இருபதைத் தாண்டி நன்றாக இழுத்துக்கொண்டு போனாள். இருபத்தொன்று வந்தது. டிம்ப்னா கடைக்கண்ணால் பார்த்தாள். இந்தப் பக்கம் கொலெட்டின் தோள் உயர்ந்தது. அந்தப் பக்கம் லீஷாவின் தோளும் உயர்ந்தது. இரண்டும் ஒன்றாக.

பயப்பட நேரமில்லை. அதுதான் நல்லதாய்ப் போயிற்று. அரை நொடி இருந்திருந்தால்கூட இவள் யோசித்திருப்பாள், யோசித்திருந்தால் வாய் வெறுமனே அசைந்திருக்கும். எல்லாரும் நின்றுகொண்டிருந்த தரை நழுவுவதை உள்ளங்காலில் உணர்ந்த டிம்ப்னா, விழப்போகிற பாத்திரத்தைப் பிடிக்கிறவள் மாதிரி அந்த ஸ்வரத்தைப் பிடித்தாள்.

வந்தது.

அவளுடைய பழைய குரல் இல்லை. கரகரப்பு இருந்தது, ஓரத்தில் காற்று கசிந்தது, முன்னைவிட இருண்டு கிடந்தது. யாருடையதோ என்று முதலில் நினைத்தாள். ஆனால் சுருதி சுத்தம். மேலே பதினெட்டுப் பேர் அந்த ஒற்றைக் குரல் மேல் ஒரு கட்டம் முழுக்க நின்றார்கள், விழவில்லை. கொலெட் திரும்ப நுழைந்தாள், லீஷா நுழைந்தாள். இருபத்திரண்டில் டிம்ப்னா மூச்சு எடுத்தாள், எடுக்கத் தேவை இருந்தது. இருபத்துமூன்றில் மறுபடி சேர்ந்துகொண்டாள். அங்கிருந்து முப்பத்தாறு வரைக்கும் கண்ணில் தண்ணீர் வடிய வடிய விடாமல் பாடினாள். துடைக்கக் கை ஒழியவில்லை.

இடைவேளைக்குப் பின்னறையில் தேநீர்க் கெட்டில் கொதித்தது. ஃபீக்ரா உள்ளே வந்த வேகத்தில் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"இருபத்தொண்ணுல ஒண்ணா மூச்சு விட்டது யாரு?"

லீஷாவின் முகம் சுருங்கியது. "நாந்தான். பழைய குறிய அழிக்கல. ரப்பர் கெடைக்கல."

"ரப்பர் எங்கிட்டதான் இருந்துச்சு" என்றாள் கொலெட். "அவளத் திட்டாதீங்க."

"அப்ப பிடிச்சது யாரு?"

கொலெட் தேநீரை ஊதினாள், டிம்ப்னா பக்கம் திரும்பவே இல்லை.

"நான்" என்றாள் டிம்ப்னா.

"நீங்க மட்டும் இல்லேன்னா அந்த எடத்துல மொத்தமும் கவுந்திருக்கும்" என்றார் ஃபீக்ரா. யாரோ கைதட்டினார்கள். டெனர் அவள் முதுகில் தட்டினான். லீஷா அவள் கையைப் பிடித்துக்கொண்டு "உசுரக் காப்பாத்துனீங்க" என்றாள். ஒரு தட்டில் கேக் துண்டு வந்தது.

அப்படியே விட்டிருக்கலாம். குரலும் வந்துவிட்டது, பேரும் கிடைத்துவிட்டது, கொலெட்டும் வாயைத் திறக்கப்போவதில்லை. ஆனால் லீஷா தன் தாளிலிருந்த பழைய குறியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். குற்றமெல்லாம் தன்னுடையது என்று அந்தப் பெண் நம்பிக்கொண்டிருந்தாள். டிம்ப்னா கேக்கைக் கீழே வைத்தாள்.

"நான் ஜனவரிலேர்ந்து பாடவே இல்ல" என்றாள். "வாய மட்டும் அசைச்சுக்கிட்டிருந்தேன். என் பங்கையும் சேத்துக் கொலெட்தான் இழுத்தா. ரப்பர் போனதுக்கும் காரணம் நாந்தான். குரல் வந்துருச்சுன்னு சொன்னது பொய். இன்னைக்கு வரைக்கும் பாடிப் பாக்கவே பயமா இருந்துச்சு."

கெட்டில் விசில் அடித்து ஓய்ந்தது. அப்போது மூலையில் நின்ற டின்னி அஹெர்ன் தொண்டையைச் செருமினார். கறிக்கடைக்காரர், பேஸ் என்கிற ஆண் அடிக்குரல், ஆள் கதவளவு.

"சொல்றதுன்னு ஆயிருச்சு. புலம்பல் கடைசிப் பக்கத்துல ஒரு அடி ஸ்வரம் இருக்கே. ஆறு வருஷமா நான் அதப் பாடினதே இல்ல. எனக்கு எட்டாது. பக்கத்துல நிக்கிற பார்ட் பாடுறான்னு விட்டுட்டேன்."

பக்கத்திலிருந்த பார்ட் கோப்பையை இறக்கினார். "நானா? நீ பாடுறேன்னு நான் விட்டுட்டேன்."

"அப்ப ஆறு வருஷமா எனக்குக் கேட்டது என்ன?" என்றார் ஃபீக்ரா.

"வெந்நீர்க் குழாயா இருக்கும்" என்றாள் கொலெட்.

அறை வெடித்தது. மேல்குரல் பாடும் சோப்ரானோ ஒருத்தி தனக்கு ஒரு மேல் ஸ்வரம் வராது என்றாள், டெனர் தனக்கு லத்தீனே தெரியாது, பாதி இடத்தில் வாயில் வந்ததைப் போடுகிறேன் என்றான். ஃபீக்ரா நெற்றியில் கைவைத்துக்கொண்டு, சிரிக்கவும் மாட்டாமல் அடக்கவும் மாட்டாமல் நின்றார். பிறகு டிம்ப்னாவிடம், "வாங்க எங்கூட" என்றார்.

சிரிப்பு அடங்கிவிட்டது. எல்லாருக்கும் அந்தச் சட்டம் தெரியும்.

கொலெட் உட்கார்ந்து சிரித்த அதே பக்கவாட்டு வாசலுக்கு அவளைக் கூட்டிப்போனார். "செப்டம்பர் வரைக்கும் காத்திருக்க முடியாது. இப்பவே பாடுங்க" என்று ஒரு ஸ்வரத்தை முனகினார். அவள் பாடினாள். மேலே ஏறச் சொன்னார், ஏறினாள், ஓரிடத்தில் பிசிறடித்து உடைந்தது. மறுபடி என்றார், மறுபடி அங்கேயே உடைந்தது. கீழே இறங்கச் சொன்னார். இறங்கினாள். இறங்கிக்கொண்டே போனாள். நிற்கும் என்று நினைத்த இடத்தில் நிற்கவில்லை.

ஃபீக்ரா சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்துக் கோப்பின் ஓரத்தில் எதையோ குறித்தார்.

"மேல ரெண்டு ஸ்வரம் போயிருக்கு" என்றார். "கீழ ஒண்ணு புதுசா வந்திருக்கு."

"அப்ப நான்?"

"எங்க போவீங்க? டின்னி பாடாத ஸ்வரத்தப் பாதி நீங்களே பாடிடுவீங்க போல." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "வராத எடத்துல வாயத் தெறக்காதீங்க, பரவால்ல. எந்தெந்த எடம்னு எங்கிட்ட சொல்லிடுங்க. இல்லேன்னா நான் இருக்கிற சத்தத்த நம்பி இல்லாததுக்குக் கை ஆட்டிக்கிட்டு நிப்பேன்."

டிம்ப்னா அவருக்காகக் கதவைத் திறந்து பிடித்தாள். "சரி" என்றாள். "சரி, ஃபீக்ரா." எந்தெந்த இடம் என்று அங்கேயே விரல்விட்டுச் சொன்னாள்.

இரண்டாம் பாதி தொடங்கியபோது மழை விட்டிருந்தது. புலம்பல் முதல் வரியைச் சோப்ரானோக்கள் எடுத்தார்கள், டெனர்கள் சேர்ந்துகொண்டார்கள், அப்புறம் ஆல்டோ. டிம்ப்னா முதல் எழுத்திலிருந்து பாடினாள். மூன்று மாதமாக வெறும் வாய் மென்ற சொற்கள் ஒவ்வொன்றும் இப்போது கனத்தோடு வெளியே வந்தன. மேல் ஸ்வரம் வருகிற இரண்டு இடத்தில் சொன்னபடி நிறுத்திக்கொண்டாள். மூன்றாவது இடத்தில், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, இதுவும் வரும் என்று ஓர் அசட்டுத் துணிச்சல். ஏறினாள். நட்டநடுவில், எல்லாரும் மெல்லப் பாடுகிற இடத்தில், கரக்கென்று உடைந்தது.

ஆலயம் முழுக்கக் கேட்டது. மூன்றாவது வரிசையில் ஒருவர் நிமிர்ந்து, எந்தப் பெண் என்று ஒவ்வொரு முகமாகத் தேடினார். ஃபீக்ராவின் புருவம் ஏறி இறங்கியது. கொலெட் முழங்கையால் விலாவில் இடித்தாள். மூன்று மாதமாக இந்த ஒன்றுக்குத்தான் டிம்ப்னா பயந்து செத்தாள். வந்தது, போனது, கூரை அப்படியேதான் இருந்தது. தேடுகிறவருக்கு வசதியாக முகத்தை நன்றாக உயர்த்திக்கொண்டு, அடுத்த வரிக்கு வயிறு நிறைய மூச்சு எடுத்தாள்.